மீதி யாருக்கு?

ஏழு மாம்பழங்களை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிடும் தாய் ஒருத்தி, ஆளுக்கு மூன்று கொடுத்துவிட்டுக் கையில் எஞ்சிய ஒரு பழத்தைப் பார்க்கிறாள். பள்ளிக்கூடக் கணக்கு அவ்விடத்தில் முடிந்துவிடுகிறது: ஈவு மூன்று, மீதி ஒன்று. தாயின் கணக்கோ அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒரு பழத்தை அறுத்துக் கொடுப்பதா? இளையவனுக்கு விடுவதா? அண்டை வீட்டுக்கு அனுப்புவதா? எண் இதற்கு விடை சொல்லாது. விடை சொல்ல வேண்டியவள் அவள்.

'ஈவு' என்ற சொல்லை நம் முன்னோர் எவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஈதலிலிருந்து பிறந்த சொல் அது. வகுத்தல் என்பது வெறும் எண் வேலையன்று, ஒருவருக்கு ஒன்றை ஈயும் வேலை என்பதை அச்சொல் சொல்லாமல் சொல்கிறது. ஈவைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். மீதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்த மீதி கணிப்பொறிக்குள் புகுந்து, ஒரு சங்கத்தின் நீதியையே சற்றுச் சாய்த்துவிட்ட செய்தியை அண்மையில் அறிய நேர்ந்தது. அதைப் பற்றிய சிந்தனையே இக்கட்டுரை.

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அண்மையில், சமணர் மலையின் அடிவாரத்தில் கிடக்கும் ஊர் கீழக்குயில்குடி. தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் மலையின் நிழலில் அடுத்தடுத்து இருக்கும். என் தங்கை மகன் அவ்வூரில் குடியிருந்துகொண்டு, வீட்டிலிருந்தபடியே கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழில் செய்கிறான். சென்ற முறை அங்குப் போயிருந்தபோது, மாலையில் இருவரும் குளக்கரையில் அமர்ந்திருந்தோம். பிள்ளையின் முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டேன்.

"மாமா, நான் ஒருவர் பொருளையும் எடுக்கவில்லை. ஆனால் என் கையால் முந்நூறு பேர் பொருள் இடம் மாறியிருக்கிறது" என்றான்.

நடந்தது இதுதான். மதுரையில் ஒரு சிறு பரஸ்பர உதவிச் சங்கம். பெயர் வேண்டியதில்லை. உறுப்பினர் முந்நூறு பேர். சங்கத்துக்குச் சொந்தமான கடைகளின் வாடகை வரவு, கட்டடச் செலவு, கணக்கர் சம்பளம் எல்லாம் போக, மாத முடிவில் மிஞ்சினால் அந்த உபரியை முந்நூறு பேர் கணக்கிலும் சமமாக வரவு வைப்பார்கள். துண்டு விழுந்தால் அதையும் சமமாகப் பற்று எழுதுவார்கள். சரிசமமாகப் பிரியாத சில்லறை பொதுநிதியோடு போகும். இந்தக் கணக்கைப் பல்லாண்டுகளாகச் செய்துவந்த நிரல் 'சி' என்னும் மொழியில் எழுதப்பட்டது. பழைய இயந்திரம் பழுதாகவே, அதைப் 'பைத்தான்' என்னும் மொழிக்கு மாற்றித் தரும் பணி என் மருமகனிடம் வந்தது.

அவன் வரிக்கு வரி பெயர்த்தான். பைத்தானில் முழுவெண் வகுத்தலுக்கென்று இரட்டைச் சாய்கோடு உண்டு. பழைய நிரலில் முழுவெண்ணை வகுத்த இடத்திலெல்லாம் அதையே இட்டான். பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே விடை தருகின்றனவா என்று மூன்று மாதக் கணக்கைக் கொடுத்துச் சோதித்தான். பைசா பிசகாமல் ஒத்திருந்தன. ஒப்படைத்தான். ஓராண்டு கழித்து, ஒரு காலத்தில் மளிகைக் கடையில் கணக்கெழுதிய முதியவர் ஒருவர், தம் பற்று வரவுப் புத்தகத்தைக் கையால் கூட்டிப் பார்த்துவிட்டுச் சங்கத்தில் வந்து கேட்டார்: "துண்டு விழுந்த மாதத்தில் என்னிடம் ஒரு பைசா கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள். அது எங்கே போயிற்று?"

ஒரு பைசா! கேட்டவர்கள் சிரித்தார்கள். பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. தேடத் தொடங்கினான்.

இரண்டு மொழி, இரண்டு மீதி

கணக்கை நாமும் சற்றுப் பார்ப்போம். அஞ்ச வேண்டா, நான்காம் வகுப்புக் கணக்குதான்.

ஏழை இரண்டால் வகுத்தால் ஈவு 3, மீதி 1. எம்மொழியிலும் இதில் ஐயமில்லை. இனி ஏழு ரூபாய் வரவு என்பதற்குப் பதிலாக ஏழு ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். கடனைக் குறையெண்ணாக எழுதுவது வழக்கம்: −7. அதை இரண்டால் வகுத்தால் உண்மையான விடை −3½. முழுவெண் மட்டுமே வேண்டுமெனில், −3 என்பதா, −4 என்பதா?

சி மொழி −3 என்கிறது. பின்னத்தை வெட்டிவிட்டுப் பூச்சியத்தை நோக்கி நகர்வது அதன் வழி. அப்போது மீதி −1. பைத்தான் −4 என்கிறது. எப்போதும் கீழ்நோக்கி இறங்குவது அதன் வழி. அப்போது மீதி +1. இவற்றுள் எது பிழை? இரண்டும் பிழையல்ல. வகுத்தியை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வரவேண்டும் என்பதே வகுத்தலின் சட்டம். −3ஐ 2ஆல் பெருக்கி −1ஐக் கூட்டினாலும் −7 வருகிறது. −4ஐ 2ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினாலும் −7 வருகிறது. சட்டம் இரண்டையும் ஏற்கிறது. அது பேசாது விட்ட இடத்தில் இரண்டு மொழிகளும் இரண்டு வழக்கங்களை வகுத்துக்கொண்டன.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. அதன் முதல் தரநிலை 1989இல் வெளிவந்தபோது, குறையெண்ணை எப்படி வகுப்பது என்பதை அந்தந்த இயந்திரத்தின் வசதிக்கே விட்டுவிட்டார்கள். 1999ஆம் ஆண்டுத் தரநிலைதான் பூச்சியத்தை நோக்கி வெட்டுவது என உறுதி செய்தது. 1991இல் கீடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான், கீழ்நோக்கும் வழியை மேற்கொண்டது. ஏடா என்னும் மொழியை வகுத்தவர்களோ இரண்டு வகை மீதிக்கும் இரண்டு தனிப் பெயர்களைச் சூட்டினார்கள். எது வேண்டும் என்று எழுதுபவனே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கருத்துப் போலும்.

கீழ்நோக்கும் வழி வீண் பிடிவாதமும் அன்று. நாட்காட்டிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கி வெள்ளி 5, சனி 6 என எண்ணிடுவோம். இன்று வெள்ளி. பத்து நாளைக்கு முன் என்ன கிழமை? ஐந்திலிருந்து பத்தைக் கழித்தால் −5. அதை ஏழால் வகுத்து மீதி கேட்டால் பைத்தான் 2 என்று சொல்லும். அதாவது செவ்வாய். சரியான விடை. சி மொழி −5 என்று சொல்லும். அப்படி ஒரு கிழமை உலகில் இல்லை! ஆக, நாளை எண்ணுவோர்க்குக் கீழ்நோக்கும் வழி நன்று. வரவையும் கடனையும் ஒரே தராசில் நிறுப்போர்க்கு வெட்டும் வழி நன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. உரிய இடம் அறியாமல் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்ததே இங்கு நேர்ந்த கேடு.

தராசு சாய்ந்த விதம்

சங்கத்தின் கணக்குக்கு வருவோம். ஒரு மாதம் 1,000 ரூபாய் மிஞ்சியது என்க. அது 1,00,000 பைசா. முந்நூறு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 333 பைசா. மீதி 100 பைசா, அதாவது ஒரு ரூபாய், பொதுநிதிக்குச் சேரும். இரண்டு மொழியிலும் இதே விடை. மருமகன் சோதித்துப் பார்த்த மூன்று மாதமும் உபரி மாதங்கள். ஆகவே பிழை கண்ணில் படவில்லை.

மறுமாதம் அதே 1,000 ரூபாய் துண்டு விழுந்தது என்க. பழைய நிரலில் ஆளுக்கு 333 பைசா பற்று. மொத்தம் 999 ரூபாய். குறைந்த ஒரு ரூபாயைப் பொதுநிதி சுமக்கும். உபரியில் ஒரு ரூபாய் பெற்ற பொதுநிதி, துண்டு விழுந்த மாதத்தில் ஒரு ரூபாய் கொடுக்கிறது. என்னே நேர்மை! புதிய நிரலிலோ ஆளுக்கு 334 பைசா பற்று. மொத்தம் 1,002 ரூபாய். துண்டு விழுந்ததோ 1,000 ரூபாய்தான். ஆக, இழப்பு மாதத்திலும் பொதுநிதிக்கு இரண்டு ரூபாய் கூடுகிறது.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் பொதுநிதி சில மாதம் பெற்றது, சில மாதம் தந்தது. புதிய ஏற்பாட்டில் பொதுநிதி எக்காலத்தும் பெறும், உறுப்பினர் எக்காலத்தும் தருவர். எவரும் இப்படித் தீர்மானிக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் எவரும் கை தூக்கவில்லை. ஒரு மொழியின் வழக்கம், யாரும் கேளாமல், ஒரு சங்கத்தின் சட்டமாகிவிட்டது.

"இதில் என் குற்றம் எவ்வளவு, மாமா?" என்று கேட்டான் பிள்ளை. குளத்தில் தாமரை இலைகள் அசைந்துகொண்டிருந்தன. உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. அவனுக்கு ஆறுதலாக மூன்று சமாதானங்களைச் சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம்.

மூன்று சமாதானங்கள்

முதலாவது: "ஒரு பைசாதானே!"

சிறியது என்பதால் ஒன்று சரியாகிவிடுமா? கனடா நாட்டு வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு புதிய விலைக் குறியீட்டெண்ணைத் தொடங்கிற்று. தொடக்க மதிப்பு 1,000. ஒவ்வொரு பரிமாற்றத்துக்குப் பின்னும் கணிப்பொறி அதைப் புதிதாகக் கணித்து, மூன்று தசம இடத்துக்கு அப்பால் உள்ளதை வெட்டி எறிந்தது. வெட்டப்பட்டது ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூவாயிரம் முறை அது நடந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524 என்று காட்டியது. பிழை கண்டு திருத்தியபோது உண்மை மதிப்பு 1,098க்கு மேல் என்று தெரிந்தது. தூசியாய் உதிர்ந்தவை சேர்ந்து, மதிப்பில் பாதிக்கு மேல் மறைத்துவிட்டன. ஒரே பக்கமாக உதிரும் தூசிக்குச் சிறியது என்ற பெயர் பொருந்தாது.

இரண்டாவது: "எழுத்துக்கு எழுத்து அப்படியே பெயர்த்தாயே, பிறகு உன் மேல் என்ன பழி?"

1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'ஏரியன் 5' ஏவூர்தி தன் முதற் பயணத்தில், கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வானிலே சிதறியது. அதன் திசையறி கருவியில் இருந்த நிரல், முந்தைய 'ஏரியன் 4' ஏவூர்தியில் நன்றாக உழைத்த நிரல். நல்ல நிரல் என்ற நம்பிக்கையில் அப்படியே எடுத்து வைத்தார்கள். ஆனால் புதிய ஏவூர்தியின் பக்கவாட்டு வேகம் மிகுதி. 32,767க்கு மேல் கொள்ளாத சிறு எண் கலத்தில் அதைவிடப் பெரிய எண்ணை ஊற்ற முற்பட்டபோது கருவி செயலிழந்தது. பழைய வீட்டில் உண்மையாக இருந்த ஒரு சொல், புதிய வீட்டில் பொய்யாயிற்று. எழுத்தைப் பெயர்ப்பது வேறு, பொருளைப் பெயர்ப்பது வேறு.

இவ்வுண்மையை நம் சமுதாயத்துக்கு மற்றவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோர், அரபுத்தமிழ் என்னும் செல்வத்தை நமக்கு வைத்துப் போயினர். அரபு நெடுங்கணக்கில் ப இல்லை, ட இல்லை, ண இல்லை, ள இல்லை, ழவும் இல்லை. இருக்கிற எழுத்துக்குள் அடங்கியதை எழுதி, அடங்காததை வெட்டிவிடுவது எளிதான வழி. அவர்கள் அவ்வழி செல்லவில்லை. இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புதிய குறிகளைச் சேர்த்து, இல்லாத ஒலிக்கு இடம் செய்தார்கள். வாங்கும் மொழியில் இடமில்லாத பொருள் எது என்று முதலில் தேடினார்கள். பிறகுதான் எழுதுகோலை எடுத்தார்கள். பெயர்ப்பாளனின் கடமை அதுவன்றோ?

மூன்றாவது சமாதானம் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது: "பணம் யார் பைக்கும் போகவில்லையே, பொதுநிதிக்குத்தானே போயிற்று?"

இதுவே மிகவும் ஏமாற்றும் சமாதானம். பொதுநிதிக்கு மாதம் ஒரு பைசா தாருங்கள் என்று கேட்டிருந்தால், அந்த முந்நூறு பேரும் ஒரு ரூபாயே தந்திருப்பார்கள். ஆனால் கேட்கவில்லை. மனமொப்பித் தருவது கொடை. கேளாமல் எடுத்தது, நற்செயலுக்கே போனாலும், கொடையாகாது. ஒருவர் பொருள் அவர் மனவிருப்பமின்றி மற்றவர்க்கு ஆகுமாவதில்லை என்பது நம் சட்ட மரபின் அடித்தளம். தொகை சிறிதாவதால் இந்த அடித்தளம் அசைவதில்லை.

வெளிப்படச் சொன்ன மீதிகள்

அப்படியானால் மீதியே எழாமல் வகுக்க முடியுமா? முடியாது. பின்னத்தை வெட்டாமல் காசைப் பிரிக்க முடியாது. தவிர்க்க முடியாததைக் குற்றம் என்பது நீதியன்று. மீதி எழுவது குற்றமன்று, அதை மறைப்பதே குற்றம். வெளிப்படையாகச் சொன்ன மீதிக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு.

1957 ஏப்ரல் முதல் நாள் இந்தியாவில் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. தமிழில் வீசம் என்றாலே பதினாறில் ஒன்று. ஆகவே பாதி, கால், அரைக்கால், வீசம் என்று அரையரையாக மடித்துக்கொண்டு போகும் நம் பழைய வாய்பாட்டுக்கு அணா மிகவும் பொருந்தி நின்றது. புதிய ரூபாய்க்கோ நூறு நயா பைசா. ஓரணா என்பது 6¼ நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கணக்கைப் பெயர்க்கும் வேலையை நாடு முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டியிருந்தது.

அரசு என்ன செய்தது? ஒரு மாற்று வாய்பாட்டை வெளியிட்டது. ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. அரையும் அரைக்குக் குறைந்ததும் விடப்படும், அரைக்கு மேற்பட்டது ஒன்றாகக் கொள்ளப்படும் என்பது அதன் விதி. இவ்விதியில் குறையில்லாமல் இல்லை. ஓரணாப் பொருள் மூன்றைத் தனித்தனியே வாங்கினால் 18 நயா பைசா. சேர்த்து வாங்கினால் 19. ஓரணாவாகப் பதினாறு முறை கொடுத்தால் 96தான் ஆகும், ரூபாய் நிறையாது. எனினும் அந்த வாய்பாடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வாங்குபவரும் அறிந்தார், விற்பவரும் அறிந்தார். கால் பைசா எங்கே போயிற்று என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருந்தது. குறையுள்ள விதியானாலும் வெளிப்பட்ட விதி, மறைந்திருக்கும் நல்ல விதியினும் மேலானது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், மீதியைப் பற்றி நம் மார்க்க அறிஞர்கள் எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தார்கள் என்பது விளங்கும். நிரலின் நடைமுறையைக் குறிக்க உலகம் வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல், பக்தாதில் கலீஃபா மாமூன் காலத்தில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அவர் ஏறத்தாழ 820இல் எழுதிய இயற்கணித நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது? வாரிசுப் பங்கீட்டையும் மரண சாசனத்தையும் பற்றிய கணக்குகள் அவை. கணிதத்தின் அக்கிளை வளர்ந்த வீட்டில், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் உடன் வளர்ந்தது என்பது நாம் மறக்கலாகாதது.

ஃபராயிள் கணக்கில் சில வேளை பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றை விஞ்சிவிடும். மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தார் என்க. மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் 3, 16, 4, 4. கூட்டினால் 27! இருப்பதோ 24. இக்கேள்வி மிம்பர்மேல் நின்ற அலீ (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டதாகவும், அவர்கள் அங்கு நின்றபடியே விடை பகர்ந்ததாகவும் மரபு கூறும். விடை என்ன? சொத்தை 27 பங்காக்கி, அவரவர் எண்ணிக்கையை அப்படியே கொடுப்பது. மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகும். ஏனையோர் பங்கும் அதே அளவில் சுருங்கும். 'அவ்ல்' எனப்படும் இம்முறையில், குறைவை எளியவர் ஒருவர் தலையில் ஏற்றாமல், எல்லாரும் தத்தம் பங்குக்கேற்பச் சுமக்கிறார்கள்.

எதிர்மாறாக, பங்கெல்லாம் கொடுத்தபின் சொத்து மிஞ்சுவதும் உண்டு. தாயும் ஒரு மகளும் மட்டுமே வாரிசு என்க. தாய்க்கு ஆறில் ஒன்று, மகளுக்குப் பாதி. ஆறில் இரண்டு மிஞ்சும். அது யாருக்கு? மீண்டும் அவ்விருவருக்கே அவர்கள் பங்கின் விகிதப்படி திரும்பும் என்பது அலீ (ரலி) அவர்களின் கருத்து. தாய் கால், மகள் முக்கால். ஹனஃபி மத்ஹப் இதனைப் பின்பற்றிற்று. மிஞ்சியது பைத்துல்மாலுக்கு என்பது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் கருத்து. ஷாஃபியீ மத்ஹபின் பழைய முடிவு இதுவே. பைத்துல்மால் முறையாக அமையாத காலத்தில் வாரிசுகளுக்கே திருப்புக என்று அம்மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் தீர்ப்பளித்தனர்.

மீதி யாருக்கு என்ற அதே கேள்விக்கு, மதிப்புக்குரிய இரண்டு விடைகள்! சி மொழியும் பைத்தானும் போல இரண்டும் தத்தம் நெறியில் பழுதற்றவை. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நம் அறிஞர்கள் தம் விடையைப் பெயரோடும் காரணத்தோடும் ஏட்டில் எழுதி வைத்தார்கள். எந்நெறியில் பங்கிடுகிறோம் என்பதைப் பங்கிடுமுன் சொன்னார்கள். ஒரு நெறியின்படி எண்ணிவிட்டு மற்றொரு நெறியின் பெயரால் கொடுப்பதை அவர்களில் எவரும் ஒப்பார்.

குற்றமும் பொறுப்பும்

இவற்றையெல்லாம் பேசியபின் மருமகனின் கேள்விக்கு விடை காண்பது எளிதாயிற்று. குற்றம் என்பது நெஞ்சின் நோக்கத்தைப் பொறுத்தது. அவன் நெஞ்சில் வஞ்சமில்லை. ஆகவே குற்றவாளி அல்லன். ஆனால் பொறுப்பு என்பது வேறு. பிறர் பொருளின் கணக்கு ஒருவன் கையில் அமானத்தாக வந்த நேரத்திலேயே, அதன் ஒவ்வொரு பைசாவும் எங்கே போகிறது என்று அறியும் கடமையும் உடன் வந்துவிடுகிறது. அறியாமை குற்றத்தைக் குறைக்கும், கடமையைக் குறைக்காது. அறிந்த பின்னும் வாளாவிருந்தால், அறியாமல் நேர்ந்த பிழை அறிந்து செய்த பிழையாக மாறிவிடும்.

பழைய நிரலை எழுதியவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மீதியைப் பொதுநிதி சுமக்கட்டும் என்று அவர் எண்ணி எழுதினாரா, அன்றி மொழியின் வழக்கம் தற்செயலாக நன்மையாய் அமைந்ததா என்பதை அறிய வழியில்லை. நிரலில் அதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. சங்கத்தின் விதிப் புத்தகமும் சரிசமமாக என்று சொன்னதே தவிர, சரிசமமாகப் பிரியாதபோது என்ன செய்வது என்று சொல்லவில்லை. நல்ல செயலும் எழுதப்படாவிட்டால், அடுத்த தலைமுறையின் கையில் அது நழுவிவிடுகிறது.

மறுவாரம் அவன் சங்கத்துக்குச் சென்று, தானே எழுந்து நின்று நடந்ததைச் சொன்னான். துண்டு விழுந்த மாதங்களையெல்லாம் எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். கூடுதலாகப் பிடித்த பைசாக்கள் அவரவர் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டன. உபரியானாலும் துண்டானாலும் மீதி பொதுநிதிக்கு உரியது, அதுவே பெறும், அதுவே சுமக்கும் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்கள். அதே வரியை நிரலிலும் தமிழில் விளக்கமாக எழுதி வைத்ததாக மருமகன் சொன்னான். பைசா கேட்ட முதியவர் தம் பைசாவைப் பெற்றுக்கொண்டு, பொதுநிதிக்கென்று பத்து ரூபாயைத் தம் கையால் கொடுத்துவிட்டுப் போனாராம். எடுத்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வேற்றுமையை இதைவிட யாரும் விளக்கிவிட முடியாது.

அன்று மாலை குளக்கரையிலிருந்து எழுந்து, கோயிலை ஒட்டிய படிகளில் சிறிது தூரம் மலையேறினோம். மேலே பேச்சிப்பள்ளம் என்னுமிடத்தில் பாறையில் வரிசையாகச் சமணத் திருவுருவங்கள். அவற்றின் கீழ் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள். சோழர் ஆட்சி பாண்டி நாட்டில் பரவியபின் அவ்வெழுத்து படிப்படியாக வழக்கொழிந்தது. இன்று கல்வெட்டறிஞர் துணையின்றி நம்மால் அதைப் படிக்க இயலாது. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்தது என்ற செய்திதான் பெரும்பாலும் என்றேன். அவர்கள் சமயம் வேறு, நம் சமயம் வேறு. எனினும் செய்வித்தவர் யார் என்பதைச் செய்த இடத்திலேயே பொறித்து வைத்த நேர்மை, எழுத்தே மறைந்த பின்னும் அங்கு நிற்கிறது.

நம் இல்லங்களிலும் பங்கீடு நடக்கிறது. சொத்துப் பங்கீடு மட்டுமன்று. வேலைப் பங்கீடு, செலவுப் பங்கீடு, பெற்றோரைப் பேணும் பங்கீடு எல்லாம் நடக்கின்றன. பெரிய பங்குகளை நாம் பேசித் தீர்த்துவிடுகிறோம். எஞ்சிய சிறு சுமை பெரும்பாலும் பேசாமலிருப்பவர் தோளில் இறங்கிவிடுகிறது. வீட்டின் மூத்த மருமகளோ, மணமாகாத தங்கையோ, ஊரோடு தங்கிவிட்ட ஒரு மகனோ அதைச் சுமக்கிறார்கள். யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை என்பதே அங்கும் நாம் சொல்லும் சமாதானம். இனியேனும் பங்கிடத் தொடங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோமாக: மீதி யாருக்கு?